உபாத்தியாயர் தகுதியும் சர்க்கார் தகுதியும்

2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் இடி விழுந்தாற்போல விழுந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை போதிக்கும் உபாத்தியாயர் எவராயினும், எத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவராயினும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியே தீரவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாராம்சம். ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷத்துக்குக் குறைவாக உள்ளோர் தேறாமலே மிச்சக் காலத்தைக் கழித்துக் கொள்ளலாம். ஆனால் பதவி உயர்வைப்பற்றி வாய் திறக்கலாகாது. அதற்கு மேற்பட்ட காலம் உள்ளோருக்கு இரண்டு வருஷக் கெடு. கெடுவுக்குள் தேறாதவர் தாமே விலகிக் கொள்ளலாம். இல்லையேல் கட்டாய ஓய்வு. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளின் விஷயம் மாத்திரம் பெரிய பெஞ்சின் ஆலோசனைக்கு விடப்பட்டது.

இத்தீர்ப்பு வெளிவந்த நாள் முதலாக நாட்டில் இரண்டு கட்சிகள் தோன்றியுள்ளன. ஒரு கட்சியார், 'பரீட்சைக்கு அஞ்சும் உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு எப்படிப் பரீட்சை வைப்பார்?' என்று ஏளனம் செய்கின்றனர். மற்றொரு கட்சியார், பரீட்சையே வேண்டாம், அது அநியாயம் என்கின்றனர். இரண்டும் நமக்கு உடன்பாடன்று. தகுதி என்பது உபாத்தியாயர் ஒருவரை மாத்திரம் கட்டும் விலங்கு என்று இரு கட்சியாருமே எண்ணிக்கொண்டு பேசுவதுதான் விந்தை. தகுதியைக் கேட்கும் சர்க்காருக்கும் சில கடமைகள் உண்டு. அவையும் அதே சட்டத்தில், அதே மையினால் எழுதப்பட்டவை. அவற்றின் கதி என்னவாயிற்று என்று ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

நமது ராஜ்யத்தில் ஒருவர் சர்க்கார் பள்ளி உபாத்தியாயராக ஆவது எப்படி என்பதை முதலில் கவனிப்போம். ஆரம்பப் பள்ளியில் போதிக்க விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பு தேறி, இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படிக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் போதிக்க விரும்புவோர் ஒரு பட்டமும், அதன்மேல் பி.எட். பட்டமும் பெறவேண்டும். முன்னர் ஒரு வருஷமாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருஷமாக்கப்பட்டது. ஒரு காலத்தில் இவ்வளவோடு விஷயம் முடிந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, தலை நரைக்கு முன் அழைப்பு வருமா என்று தபால்காரனை எதிர்பார்த்துக் கொண்டிருந்தால் போதும். அந்த முறையில் நீதி இருந்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் வரிசையில் நிற்பவனுக்குத் தன் முறை என்றாவது ஒரு நாள் வரும் என்ற நிச்சயமாவது இருந்தது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பின்னர் நிலைமை மாறிற்று. அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உபாத்தியாயர்க்குரிய குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் நியமிக்கும் ஒரு சபைக்கு அளித்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அந்த அதிகாரத்தைப் பெற்று, 2010 ஆகஸ்டு 23-ந் தேதி வெளியிட்ட அறிவிப்பில் தகுதித் தேர்வைப் புகுத்தியது. 2011 பிப்ரவரியில் வழிகாட்டு விதிகள் வந்தன: 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள், 60 சதவிகிதம் எடுத்தால் தேர்ச்சி, பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு ராஜ்ய சர்க்கார்கள் சலுகை காட்டலாம், வருஷத்துக்கு ஒரு முறையாவது தேர்வு நடத்த வேண்டும். இக்கடைசி விதியை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12-ந் தேதி நடந்தது. எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டோர். தேறியவர்கள் 2,448 பேர்! நூற்றுக்கு அரைப்பேர்கூட இல்லை. 150 கேள்விகளுக்கு விடையளிக்க அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் ஒன்றரை மணி நேரம். கேள்வியைப் படித்து, நான்கு விடைகளையும் ஒப்பிட்டு, கட்டத்தைக் கறுப்பாக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. கூக்குரல் கிளம்பவே அக்டோபரில் மறுபடியும் தேர்வு நடத்தி, அவகாசத்தை மூன்று மணியாக்கினர். சுமார் 19,000 பேர் தேறினர். மூன்று மாதத்துக்குள் ஜனங்களின் அறிவு எட்டு மடங்கு பெருகிவிடவில்லை. கடிகாரத்தின் முள்தான் மாறிற்று. தகுதியை அளக்கும் கோல் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

2013 ஆகஸ்டில் மீண்டும் தேர்வு. தேறியவர் தொகை குறைவாயிருக்கவே, 2014 பிப்ரவரியில் சர்க்கார் சலுகை காட்டி, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 55 சதவிகிதமாகக் குறைத்தனர். இதில் நாம் குறை காணவில்லை. விதியே இடங்கொடுத்த சலுகை அது. அடுத்துச் செய்த காரியந்தான் விபரீதமாயிற்று. உத்தியோகம் கொடுப்பதற்குத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணுக்கு 60 பங்கும், பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டப் படிப்பிலும் பயிற்சியிலும் எடுத்த மதிப்பெண்களுக்கு 40 பங்கும் என்று 2014 மே மாதத்தில் கணக்கு வகுத்தனர். வெளித்தோற்றத்தில் நியாயமான கணக்கே. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவருக்கு அக்காலத்து உபாத்தியாயர்கள் மதிப்பெண்ணைச் சொட்டுச் சொட்டாகவே கொடுத்தனர். பின்னாளில் எழுதியவர்களுக்குக் குடம் குடமாகக் கொட்டப்பட்டது. இரண்டு காலத்து மதிப்பெண்ணையும் ஒரே தராசில் போட்டால் தட்டு எப்பக்கம் சாயும்? தகுதித் தேர்வில் அதிகம் எடுத்த மூத்தவர் பின்தங்கி, குறைவாக எடுத்த இளையவர் முந்தினார். சலுகையைப்பற்றியும் கணக்கைப்பற்றியும் வழக்குகள் ஹைக்கோர்ட்டுக்குப் போய், முரண்பட்ட தீர்ப்புகள் பிறந்து, 2016 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டும் செல்லும் என்று முடிவு கூறிற்று. சட்டப்படி செல்லும் என்பது வேறு, நியாயப்படி தகும் என்பது வேறு. அதைப் பின்னர் சர்க்காரே ஒப்புக்கொண்டதுபோல, 2018 ஜூலையில் அக்கணக்கைக் கைவிட்டனர்.

கைவிட்டு என்ன செய்தனர்? தகுதித் தேர்வில் தேறியவர்களும் உத்தியோகம் பெற இன்னொரு போட்டித் தேர்வு எழுதவேண்டும் என்று உத்தரவிட்டனர். அந்த உத்தரவுப்படி போட்டித் தேர்வு உடனே நடந்ததா? பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலையிலுந்தான் நடந்தது. உத்தரவுக்கும் தேர்வுக்கும் இடையே ஏறக்குறைய ஆறு வருஷம்! 2013-இல் தேறிய ஒரு வாலிபர், பத்து வருஷம் தம் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, நாற்பதை எட்டும் தறுவாயில், தமக்குப் பின் பிறந்தவர்களோடு மறுபடியும் போட்டிக்கு உட்கார வேண்டியதாயிற்று. இத்தகையோர்தாம் 2023-இல் சென்னைக் கல்லூரிச் சாலையிலுள்ள கல்வி வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடியவர்கள். போலீஸார் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயினர். தகுதியுள்ளவர் என்று சர்க்காரே முத்திரையிட்டுக் கொடுத்தவர்களை, அதே சர்க்கார் தெருவிலிருந்து அப்புறப்படுத்திய காட்சி அது.

வருஷத்துக்கு ஒரு முறையாவது தேர்வு நடத்த வேண்டும் என்ற விதியை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம் அல்லவா? 2012, 2013, 2017, 2019, 2022, 2025 ஆகிய வருஷங்களிலேதான் தமிழ்நாட்டில் எல்லோருக்குமான தகுதித் தேர்வு அறிவிக்கப்பட்டது. பதினான்கு வருஷத்தில் ஆறு! இவற்றுள் 2022-ஆம் வருஷத்துத் தேர்வின் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில்தான் நடந்து முடிந்தது. பணியிலுள்ளோர் இரண்டே வருஷத்தில் தேறவேண்டும் என்று இன்று அவசரப்படுத்துகிறோம். மூன்று நான்கு வருஷம் தேர்வே நடத்தாமல் இருந்தவர்களை எந்தக் கோர்ட்டும் கட்டாய ஓய்வில் அனுப்பவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்கு மாத்திரம் உரிய பழமொழியன்று.

இனிச் சட்டப் புஸ்தகத்தைச் சற்றுத் திருப்புவோம். தகுதியைச் சொல்லும் 23-ஆம் பிரிவுக்கு அடுத்தடுத்து வேறு சில பிரிவுகள் உள்ளன. 25-ஆம் பிரிவு, மாணவர் தொகைக்கு ஏற்ற உபாத்தியாயர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கவேண்டும் என்கிறது. 26-ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட உபாத்தியாயர் ஸ்தானங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாக இருக்கலாகாது என்கிறது. 27-ஆம் பிரிவு, பத்து வருஷத்துக்கொருமுறை வரும் ஜனக் கணக்கு, ஆபத்து நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர்த்து வேறு வேலைகளுக்கு உபாத்தியாயரை இழுக்கக்கூடாது என்கிறது. 23-ஐப்பற்றித் தெரியாத உபாத்தியாயர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. 26-ஐ அறிந்த பொதுஜன ஊழியர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்கத் துணிகிறோம்.

காலி ஸ்தானங்களை நிரப்பாமல் சர்க்கார் கண்டுபிடித்த உபாயம் ஒன்றுண்டு. 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் மூலமாக அமர்த்திக்கொள்ள உத்தரவாயிற்று. தொடக்கத்தில் விதித்த மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000 ரூபாய், முதுகலைப் பட்டதாரிக்கு 12,000 ரூபாய். பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர் அருகிலுள்ள வகுப்பில் அதே பாடத்தை நடத்திப் பல மடங்கு பெறும்போது, கோடை விடுமுறை வந்தால் சம்பளம் நின்றுபோகும் ஒருவரிடம் நாம் எந்த உற்சாகத்தை எதிர்பார்க்கிறோம்? தகுதி உயரவேண்டும், கூலி தாழவேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் ஒரே கஜானாவில் குடியிருக்கின்றன.

சரித்திரத்தைப் புரட்டினால் இது புதிய வியாதியன்று என்பது விளங்கும். சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்ததாகக் கணக்குக் காட்டி, உபாத்தியாயர்களைப் பழக்குவதற்குச் சென்னையில் ஒரு பாடசாலை வேண்டும் என்றார். ஜில்லாப் பள்ளி உபாத்தியாயருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில் பள்ளி உபாத்தியாயருக்கு 9 ரூபாயும் என்று சம்பளத் திட்டமும் போட்டார். பிள்ளைகளிடம் வாங்கும் பணத்தைக்கொண்டு மிச்சத்தைச் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அடுத்த வருஷமே மன்றோ காலமானார். 1856-இல் சென்னையில் தொடங்கிய நார்மல் ஸ்கூல்தான் பின்னர் சைதாப்பேட்டைக்குப் போய்ப் பெயர்பெற்ற போதனா காலேஜாக வளர்ந்தது. அந்நிய ஆட்சியார் உபாத்தியாயரை மலிவாகப் பெற விரும்பியதில் ஆச்சரியமில்லை. சுயராஜ்ய சர்க்காரும் அதே மனோபாவத்தைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டதே நமக்கு மனத்தாங்கல்.

இப்போது பணியிலிருக்கும் உபாத்தியாயர்களின் விஷயத்துக்கு வருவோம். 2010 ஆகஸ்டு அறிவிப்பின் நான்காம் பாரா, அதற்கு முன் விதிப்படி நியமனம் பெற்றவர்கள் இப்புதிய தகுதிகளைப் பெறவேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிற்று. உபாத்தியாயர்கள் அதை நம்பினர். சர்க்காரும் நம்பினர். 2023 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டும், 2011 ஜூலை 29-ந் தேதிக்கு முன் நியமனம் பெற்றவர்கள் தேர்வு எழுதாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மாத்திரம் தேர்வு அவசியம் என்றது. சுப்ரீம் கோர்ட்டாரோ, சட்டத்தின் வாசகத்துக்கு முன் அறிவிப்பின் வாசகம் நில்லாது என்று முடிவு செய்தனர். சட்டத்தில் தகுதியில்லாதோர் ஐந்து வருஷத்துக்குள் தகுதி பெறவேண்டும் என்றிருந்தது. 2017-இல் பார்லிமெண்டு அக்காலத்தை 2019 மார்ச்சு 31 வரையில் நீட்டியது. அந்தக் கெடுவெல்லாம் கழிந்துவிட்டபடியால், அரசியல் சட்டத்தின் 142-ஆவது ஷரத்தில் கண்ட விசேஷ அதிகாரத்தைக்கொண்டு மேலும் இரண்டு வருஷம் தருவதே கருணை என்பது கோர்ட்டாரின் நோக்கு.

சட்ட வியாக்கியானத்தில் கோர்ட்டாரோடு வாதாடுவது நமது வேலையன்று. ஆனால் வேறொரு தொழிலில் நடந்த காரியத்தை எடுத்துக்காட்டுவது அடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வக்கீல்களுக்கு அகில இந்திய பார் பரீட்சை என்று ஒன்று உண்டு. 2009–10-ஆம் கல்வி வருஷத்திலிருந்து சட்டப் பட்டம் பெற்று வெளிவந்தவர்களுக்கே அது கட்டாயம். அதற்கு முன் சன்னது பெற்றவர்களை ஒருவரும் பரீட்சைக்குக் கூப்பிடவில்லை. ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த இரண்டு பரீட்சைகள்! ஒன்று, பிறந்த நாளிலிருந்து முன்னோக்கி நடக்கிறது. மற்றொன்று, பின்னோக்கித் திரும்பி, முப்பது வருஷ ஸர்வீஸ் உள்ளவரின் கழுத்தைப் பிடிக்கிறது. கறுப்பு அங்கிக்கு ஒரு நியாயமும், சுண்ணாம்புக் கட்டிக்கு ஒரு நியாயமுமா?

அப்பரீட்சைதான் என்ன சோதிக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாம் தாளில் குழந்தை வளர்ச்சி 30, மொழி 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60 மதிப்பெண்ணுக்குக் கணிதமும் விஞ்ஞானமும், அல்லது சமூக இயல். தமிழாசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷமாக இலக்கணத்தையும் இலக்கியத்தையும் தவிர வேறொன்றும் போதித்தறியாதவர். அவர் 150-இல் 60 மதிப்பெண்ணை முகலாயர் ஆட்சியிலோ முக்கோணத்தின் பரப்பிலோ தேடிக்கொள்ள வேண்டும். அவர் தமது பாடத்தில் சமர்த்தரா என்பதை அறிய இத்தேர்வில் உள்ளது 30 கேள்விகள். வகுப்பில் பின் பெஞ்சில் உறங்கும் பையனை எழுப்பி உட்காரவைக்கத் தெரியுமா என்பதை அறிய ஒரு கேள்வியும் இல்லை, இருக்கவும் முடியாது. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கிப் பார்க்கும் பரீட்சை இது.

அப்படியானால் தகுதித் தேர்வையே ஒழித்துவிடலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். ஏழை வீட்டுப் பிள்ளை சர்க்கார் பள்ளியைத் தவிர வேறு போக்கிடமில்லாமல் வருகிறது. பணக்காரன் வாத்தியார் சரியில்லையென்றால் பள்ளியை மாற்றுவான், டியூஷன் வைப்பான். ஏழைக்கு வாய்த்தவரே வாத்தியார். ஆகவே அந்த வாசலில் தகுதி பார்க்காமல் எவரையும் உள்ளே விடலாகாது என்று சட்டம் சொல்வது முற்றிலும் சரி. புதிதாக வருவோருக்குத் தேர்வு இருக்கட்டும். இன்னும் கண்டிப்பாகவே இருக்கட்டும். போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கி, 50-க்கு 20 எடுக்காதவரின் மற்றத் தாளைத் திருத்துவதில்லை என்று செய்த ஏற்பாட்டை நாம் மனமார ஆதரிக்கிறோம்.

ஆனால் தேறாதோரின் தொகை எதைக் காட்டுகிறது என்பதைச் சிந்திக்கவேண்டும். 2022-ஆம் வருஷத்துத் தேர்வில் முதல் தாளில் நூற்றுக்குச் சுமார் 14 பேரும், இரண்டாம் தாளில் சுமார் 6 பேருமே தேறினர். எழுதியவர்கள் வழியோடு போனவர்கள் அல்லர். பெரும்பாலோர் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளிலும் காலேஜுகளிலும் கட்டணம் கட்டிப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். பயிற்சி பெற்றவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தகுதியற்றவர் என்றால், அப்பயிற்சிக்கு அங்கீகாரம் கொடுத்தவர் யார்? ஒரு தறியில் நெய்த துணி நூறில் தொண்ணூறு கிழிந்துபோனால், துணியைக் கொளுத்திவிட்டுத் தறியைக் கும்பிடுவது எவ்வூர் வழக்கம்? சுப்ரீம் கோர்ட்டே நியமித்த நீதிபதி வர்மா கமிஷன், ஆசிரியர் பயிற்சி ஸ்தாபனங்களில் பெரும்பாலானவை தனியார் கையில் இருப்பதையும், அவற்றின் சீர்கேட்டையும் 2012-இலேயே எடுத்துக்காட்டிற்று. தமிழ்நாட்டில் அக்கடைகளிற் பல, சரக்கு விலைபோகாமல் தாமே மூடிக்கொண்டன. சர்க்கார் மூடியவை அல்ல. பிள்ளைகள் வராமையால் மூடியவை.

தகுதியின் இலக்கணத்தையே அடிக்கடி மாற்றியதும் உண்டு. பி.எட். பட்டதாரிகள் ஆரம்ப வகுப்புகளுக்கும் வரலாம் என்று 2018 ஜூனில் தேசியக் குழுமம் கதவைத் திறந்தது. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று சாத்திற்று. இடையே வந்தவர்களும், வரலாமென்று படித்தவர்களும் நடுத்தெருவில் நின்றனர். மத்திய சர்க்காரின் 2020-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கையோ 2030-க்குள் நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட். படிப்பே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்கவில்லை. டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் இந்த மல்லுக்கட்டில், சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் 2024–25-ஆம் வருஷத்துக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தனர். உபாத்தியாயர்களுக்குப் பணிக்காலப் பயிற்சி அளிக்கும் செலவும் அத்திட்டத்தைச் சேர்ந்ததே. பயிற்சிக்குப் பணம் தரமாட்டோம், தகுதி மாத்திரம் வேண்டும் என்பது குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாகும்.

செய்யத்தக்கது என்ன? தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025-இல் மறுபரிசீலனை மனுத் தாக்கல் செய்தனர். பணியிலுள்ளோருக்கென்றே 2026-இல் சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்துவதென்றும் அறிவித்தனர். இரண்டும் நல்லவையே. ஆயினும் மறுபரிசீலனை என்பது மிகக் குறுகிய வாசல் என்பதை வக்கீல்கள் நன்கறிவர். அகன்ற வாசல் பார்லிமெண்டில் இருக்கிறது. 2017-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து காலத்தை நீட்டத் தெரிந்தவர்களுக்கு, 2010-க்கு முன் விதிப்படி வந்தவர்களுக்கு அறிவிப்பு கொடுத்த வாக்குறுதியைச் சட்டத்திலேயே ஏற்றிவைக்கத் தெரியாதா? டில்லியார் அசையாவிடினும், கல்வி 1976-ஆம் வருஷத்து 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றுவிட்ட விஷயமாதலால், ராஜ்ய சட்டசபை திருத்தம் இயற்றி ராஷ்டிரபதியின் சம்மதத்தைக் கோரலாம். சம்மதம் கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதாவது ஜனங்களுக்கு விளங்கும்.

பழைய உபாத்தியாயர்களுக்குத் தகுதிச் சோதனையே வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவர்களுடைய தகுதி வகுப்பறையில் இருக்கிறது. அங்கே சென்று பாருங்கள் என்கிறோம். ஜில்லாதோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்குள்ள விரிவுரையாளர்கள் ஒரு வாரம் பள்ளியில் உட்கார்ந்து, உபாத்தியாயர் பாடம் நடத்துவதைக் கேட்டு, பிள்ளைகள் படிப்பதைச் சோதித்து, குறை இருந்தால் பயிற்சிக்கு அழைத்து, மறுபடியும் சோதிக்கட்டும். அப்போதும் தேறாதவரை வீட்டுக்கு அனுப்பினால் அவருக்காகக் கண்ணீர் விடுவோர் அதிகம் இரார். சோம்பேறி வாத்தியார் ஊருக்கு ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர் கட்டங்களைக் கறுப்பாக்குவதில் கெட்டிக்காரராக இருந்து தேறிவிடுவதும், உழைப்பாளியான தமிழாசிரியர் விஞ்ஞானக் கேள்வியில் தடுக்கி விழுவதும் நேரக்கூடியதே என்பதுதான் நமது கவலை.

இதற்கிடையே வெளியே காத்திருப்போரை மறந்துவிடலாகாது. 2025 நவம்பர் 15, 16 தேதிகளில் நடந்த தகுதித் தேர்வுக்கு நாலரை லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் பணியிலுள்ள நரைத்த தலைகளும் உண்டு. பயிற்சி முடித்த இளைஞர்களும் உண்டு. முன்னவர் இருக்கும் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும், பின்னவர் இல்லாத உத்தியோகத்தைத் தேடவும் ஒரே பெஞ்சில் அமர்ந்து எழுதினர். தகப்பனும் மகளும் ஒரே மண்டபத்தில் எழுதிய வீடுகளும் இருந்தால் வியப்பில்லை. தேறியவரின் சான்றிதழ் முன்னே ஏழு வருஷத்துக்கே செல்லும் என்றிருந்தது. 2021-இல் அதை ஆயுள்பரியந்தம் செல்லுபடியாகும் என்று மாற்றினர். ஆயுள் முழுவதும் செல்லும் சான்றிதழை ஆயுள் முழுவதும் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கச் செய்வது அதன் நோக்கமாயிருந்திராது என்று நம்புவோம்.

கிராமங்களில் பொதுவேலை செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒன்றியத்திலுள்ள ஆரம்பப் பள்ளிகளுக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கும் அனுமதிக்கப்பட்ட ஸ்தானங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை, தற்காலிகமாக ஒப்பேற்றப்பட்டவை எத்தனை, காலி எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. முப்பது நாளில் பதில் தந்தாகவேண்டும். காலி ஸ்தானம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டிருந்தால், அந்தக் காகிதத்தை 26-ஆம் பிரிவோடு சேர்த்து உங்கள் சட்டசபை அங்கத்தினர் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உபாத்தியாயர்களுக்கு விதித்த கெடு 2027 செப்டம்பர் 1-ந் தேதி. சர்க்காருக்கு அத்தகைய தேதி எதுவும் எழுதப்படவில்லை; அதை அவர்களிடம் கேட்டு வாங்கவேண்டியவர்கள் நீங்களே.